பால் கொடுத்த பாத்தியதை

புலாவ் செபாங், மலாயா, 1934

அருமை மகன் மீரானுக்கு உம்மாவின் சலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் உன் தங்கை ஜுலைகாவும் சுகம், வேலூரில் நீயும் சுகமாக இருக்க துஆ கேட்கிறேன். எப்போதும் எனக்காக ஜுலைகாதான் எழுதுவாள், இந்தத் தடவை அவளுக்குத் தெரியாமல் நானே எழுதுகிறேன், எழுத்து நண்டு நடந்த மாதிரி இருந்தால் சிரிக்காதே. உன் கடிதத்தையும் வழக்கம் போல அவள்தான் உரக்கப் படித்தாள். கல்லும் மரமும் நாம் நினைக்காவிட்டாலும் இருக்கும், உடைமையும் தலைமையும் உறவும் மனிதர் தம் தேவைக்காக மனத்தில் வைத்துக்கொண்டவை என்று உங்கள் மதரஸா ஹஸ்ரத் பாடம் சொன்னதாக எழுதியிருந்தாய். வாப்பா புரிந்தவர் போலத் தலையாட்டினார். அவர் இந்த வீட்டுக்குத் தலைவர் என்பது நாங்களாக வைத்ததுதான் என்று வேலூர் போகாமலே எனக்குத் தெரியும். அதோடு நிறுத்தியிருக்கலாமே, ஆலிம்சா! வளர்த்த பிள்ளை என்பதும் வெறும் பெயர்தான், ஜுலைகா பெரியவளாகிவிட்டாள், இனி வாப்பா முன்னும் உன் முன்னும் வரக்கூடாது என்று எழுதிவிட்டாய். அதையும் அவளே படித்தாள், பாதியில் கடிதத்தை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து வாப்பா கடையிலிருந்து வந்தால் திரைக்குப் பின்னால் போய்விடுகிறாள். அந்த மனிதர் அவளுக்கு வாங்கிய பொரித்த வாழைப்பழத்தோடு பெண் பார்க்க வந்தவர் மாதிரி இந்தப் பக்கம் நிற்கிறார். பக்கத்து வீட்டு மீனம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டி, என்னக்கா, சொந்த அப்பனுக்கே பொண்ணக் காட்ட மாட்டீங்களா லா என்று கேட்கிறாள்.

உனக்குப் பின் பிறந்தது ஒரு மாதம் கூட நிற்கவில்லை, மார் கட்டிக் காய்ச்சலில் கிடந்தேன். அப்போதுதான் காய்கறித் தோட்டத்துச் சீனர் தாயில்லாத பச்சைக் குழந்தையைக் கொண்டுவந்தார், வாப்பா வாங்கி என் மடியில் போட்டார். பல் முளைத்த பின்னும் அவள் பாலை விடவில்லை, கடித்ததை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. ஆண்பிள்ளையிடம் இதையெல்லாம் யார் பேசுவார்கள்? பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டேன், பால் குடிச்ச புள்ள மகதான், அந்தப் பாலால உம் புருஷன் வாப்பா, மீரான் கூடப் பொறந்த அண்ணன் மாதிரி காக்கா, இதுல என்ன திரை என்று அதட்டினார். உன் கிதாபிலும் இருக்கும், அந்தப் பாடத்தில் தூங்கிவிட்டாயா? தேவைக்காக வைத்தது என்கிறாயே, அவளுக்குப் பசி, எனக்குப் பால், அதைவிட என்ன தேவை வேண்டும்? வைத்ததைக் காப்பாற்றத்தானே புத்தி. இதைச் சொன்னால் அவள், அதைக் காக்கா எழுதட்டும் என்கிறாள். ஆகவே எனக்கு வேண்டாம், உறையில் அவள் பெயரைப் போட்டு அவளுக்கே எழுது.

வெயிலில் அலையாதே, மோர் குடி. அல்லாஹ் உனக்கு நிறைந்த இல்மும் நீண்ட ஆயுளும் தரட்டும். அடுத்த கப்பலுக்கே தபாலைச் சேர்த்துவிடு.

உங்கள் இருவரின் உம்மா,
மைமூன் பீவி