காலி அட்டைக்குச் சட்டம் கிடையாதாம்

1999 ஜனவரி 19

புது மிளகு வர ஆரம்பித்துவிட்டது. சாமியப்பன் கொல்லிமலையின் அந்தக் கோடி, எடப்புளி நாட்டு ஊரிலிருந்து மூட்டை கொண்டுவந்தான். கையை விட்டுப் பார்த்தேன், ஈரம். “ஏனப்பா, மிளகு விக்க வந்தியா, தண்ணி விக்க வந்தியா?” என்றேன். “இந்தப் பனியில எங்கீங்க காயுது? உங்க ஊட்டு மொட்டைமாடியக் குடுங்க, காயப்போட்டே தாரேன்” என்கிறான். அந்த வாய்க்காகவே விலையைக் கொஞ்சம் ஏற்றிப் போட்டேன். தராசில் நின்ற ருக்குமணி சிரிக்கிறாள். “அர்த்தனாரி முதலாளியை ஏமாத்த வாய் இருந்தாப் போதுமாட்ட இருக்குது” என்று என்னிடமே சொல்கிறாள். பெண்டாட்டி என்றால் அப்படித்தான்.

அவளும் சாமியப்பனும் போடுவது ஒரே வலிப்பு மாத்திரை. அவன் விஷயம் அவன் வீட்டுக்கு வெளியே எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். மலைமேல் எங்கள் செம்மேட்டில் அந்த மாத்திரை கிடைப்பதில்லை. காலி அட்டையையும் பணத்தையும் காலை பஸ்ஸில் கண்டக்டர் குழந்தைசாமியிடம் கொடுத்தால், கீழே சேந்தமங்கலத்து மருந்துக்கடையில் வாங்கி சாயங்காலம் ஏற்றிவிடுவார். மலையில் பம்புசெட் வாஷரிலிருந்து மூக்குக்கண்ணாடி வரை எல்லாம் இப்படித்தான் ஏறுகிறது.

இன்று வந்த அட்டை நீல நிறம். பழையது பச்சை. “அதேதான்னு கடையில சொன்னாங்க” என்றார் குழந்தைசாமி.

பிப்ரவரி 2

ருக்குமணிக்கு வலிப்பு. நாலு வருஷத்துக்குப் பிறகு.

பிப்ரவரி 5

இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தவள். நான் கடையில். சத்தம் கேட்டு ஓடினால் அடுப்புமேல் விழுந்து கிடக்கிறாள். இடது கை, முழங்கையிலிருந்து விரல் வரை. பக்கத்து வீட்டு பாப்பாத்தி நல்ல எண்ணத்தில்தான் ஓடிவந்தாள். வந்தவள் என்ன செய்தாள்? இரும்பு பட்டால் நிற்கும் என்று சாவிக்கொத்தை எடுத்துக் கையில் திணிக்கிறாள். வெந்த கையில்! பிடுங்கி வாசலில் வீசினேன். அதில் இருந்த அவள் வீட்டுச் சாவி கிடைக்கவில்லை, பூட்டைக் கடப்பாரையால் உடைத்தார்கள்.

நாலு வருஷம். தனியாக ஓடைக்குப் போனாள், குளித்தாள், ஒரு நாளும் நான் பயப்படவில்லை. ஒரு வேளை மாத்திரை தவறவிட்டவள் இல்லை. அப்புறம் ஏன்?

பிப்ரவரி 9

சேலம் டாக்டரிடம் நீல அட்டையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மருந்து ஒண்ணுதான். கம்பெனி மாறினா ரத்தத்துல ஏறுற அளவு சில பேருக்குக் கொஞ்சம் கூடும், குறையும். தலைவலி மாத்திரைன்னா பரவாயில்ல. இதுல அந்தக் கொஞ்சமே போதும்” என்றார். இதனால்தான் வந்தது என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். “இதனாலயும் இருக்கலாம். அடிச்சுச் சொல்ல என்னால முடியாது” என்றார். அந்த நேர்மை பிடித்தது. ஆத்திரம் அடங்கவில்லை.

ருக்குமணி ஒன்றுதான் கேட்டாள். “மாத்தறதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க, டாக்டர்?”

பிப்ரவரி 12

மருந்துக்கடைக்குப் போனேன். இருபது வருஷமாக நானும் கல்லாவில் உட்காருகிறவன். முகம் பார்த்தால் தெரியும். அந்த ஆள் பயப்படவே இல்லை.

“பச்சை அட்டை ஸ்டாக் இல்லீங்க. அதே மருந்துதான் குடுத்தேன். உங்க கடையில ஒரு ரகம் தீந்துபோனா இன்னொண்ணு குடுக்க மாட்டீங்களா?”

“குடுப்பேன். வேற ரகம்னு சொல்லிக் குடுப்பேன். வேண்டாம்னா மூட்டையக் கட்டிக்கிட்டுப் போவான்.”

“யாருகிட்டங்க சொல்றது? கண்டக்டர்கிட்டயா? அவரு டிக்கெட் கிழிக்கறதா, உங்கூட்டு வைத்தியம் கேக்கறதா?”

நீல அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படி இறங்கிவிட்டேன். அதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 3

நாமக்கல்லில் வக்கீல் ஹேமலதாவைப் பார்த்தேன். என் விற்பனை வரி வழக்கை ஜெயித்துக் கொடுத்தவர். ஒரு சட்டம் வேண்டும், அதற்கு என்ன வழி என்றேன். அந்த அம்மா ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்துக் காட்டினார். டாக்டர் சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதில் வேறு தயாரிப்பைக் கடையில் கொடுக்கக் கூடாது என்று விதி ஏற்கெனவே இருக்கிறதாம்!

“அப்ப அவன் மேல கேஸ் போடுங்க.”

“சீட்டு குடுத்தீங்களா?”

“அட்டை குடுத்தோம்.”

புத்தகத்தை மூடிவிட்டார். “விதி சீட்டுக்குத்தாங்க. காலி அட்டைக்குச் சட்டம் கிடையாது.”

பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அதையே நினைத்தேன். கீழே இருப்பவன் சீட்டோடு நடந்து போய்க் கடை வாசலில் நிற்கிறான், அவனுக்குச் சட்டம் உண்டு. மலைக்காரனுக்கு ஒரு நாள் கூலி போகும். அவன் அட்டையை அனுப்புகிறான், அவனுக்குக் கிடையாது. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரை வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது, அதைக் கேட்கவும் ஆள் இல்லை. யார் எழுதின சட்டமோ, ஒரு நாள் எங்கள் பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 18

மனு எழுதியாகிவிட்டது. ஹேமலதா சொல்லச் சொல்ல நான் என் பாஷையில் மாற்றினேன். சீட்டோ அட்டையோ, கடையோ ஆஸ்பத்திரியோ, வலிப்பு மாத்திரையின் கம்பெனியை மாற்றுவதாக இருந்தால் டாக்டருக்கும் போடுகிறவருக்கும் தெரிவித்து, சரி என்ற பிறகுதான் மாற்ற வேண்டும். அவ்வளவுதான் கேட்பது.

கையெழுத்துக்கு அலைகிறேன். யாரும் போடுவதில்லை. “எங்கூட்டுல அந்த நோவே இல்லீங்க” என்கிறான் ஒருத்தன், அவன் தம்பி மாத்திரையை நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சாமியப்பனிடம் போனேன். “எம்புள்ள கோகிலாவுக்கு மாப்பிள்ளை பாக்கறோம். நோவு இருக்குதுன்னு கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்தா எவன் கட்டுவான்? மரம் ஏறக் கூலிக்கும் கூப்பிட மாட்டாங்க. என்னை உடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றான். கத்திவிட்டு வந்தேன். அவனிடம் கத்தி என்ன ஆகப்போகிறது?

முதல் கையெழுத்து ருக்குமணி போட்டாள். கட்டுப் போட்ட கையால் தாளை அழுத்திக்கொண்டு, முழுப் பெயர், ஊர், நோவு எல்லாம் எழுதினாள். “எனக்கென்னங்க, எனக்குக் கலியாணம் ஆயிருச்சு. மாட்டுனது நீங்கதான்” என்றாள்.

ஜூன் 22

சென்னை. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒரு அதிகாரி. உட்காரச் சொன்னார், அதுவே பெரிது. மனுவின் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார்.

“ரெண்டும் ஒரே மருந்து. அரசாங்கம் அனுமதி கொடுத்தது. நீங்க எப்படி வேற வேறன்னு சொல்றீங்க?”

எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். மிளகும் மிளகுதான், ஒரு படி அளந்து எடை போட்டால் ஒன்று கனக்கும், ஒன்று சொத்தையாக நிற்கும், குழம்பில் போடுகிறவளுக்குத் தெரியும் என்று. நல்ல பாயிண்ட்டைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. “ஓ, கொல்லிமலை மிளகா! இங்க நல்ல மிளகே கிடைக்கறதில்ல. ஒரு கிலோ அனுப்பி வைங்களேன்.”

நான் என்ன சொன்னேன்? “அனுப்பறேங்க” என்றேன். வியாபாரி நாக்கு! ஆர்டர் கேட்டால் தானாக வந்துவிடுகிறது. படி இறங்கும்போது என் கன்னத்தில் நானே அறையலாம் போல் இருந்தது. பெண்டாட்டி கை வெந்த கதையைக் கொண்டுபோனவன், மிளகு ஆர்டர் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

அனுப்பவில்லை. அனுப்பவும் மாட்டேன்.

2000 பிப்ரவரி 8

சாமியப்பன் போய்விட்டான். சில்வர் ஓக் மரத்தில் ஏணி வைத்து மிளகு பறித்துக்கொண்டிருந்தவன். மேலே போய் வலிப்பு வந்திருக்கிறது. கீழே பாறை.

பிப்ரவரி 10

எடப்புளிக்குப் போய்வந்தேன். அவன் பெண்டாட்டி மாராயி என் முன்னால் கொண்டுவந்து வைத்தது ஒரு மாத்திரை அட்டை. பச்சையும் இல்லை, நீலமும் இல்லை, வெள்ளை. மூன்றாவது கம்பெனி! போன வாரம் பஸ்ஸில் வந்ததாம். இதனால்தான் என்று நான் நிரூபிக்க முடியாது. எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். தெரியும். ஆனால் அந்த அட்டையைப் பார்த்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கிளம்பும்போது மாராயி கூப்பிட்டாள். “அந்த மனுவுல அவரு பேரை இப்ப எழுதிக்குங்க. ஊரே பாத்துருச்சு, இனி யாருகிட்ட மறைக்கறது?” கைநாட்டு வைத்தாள்.

பயல், போன வருஷமே வைத்திருக்கலாம். வைத்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பார்கள்?

பிப்ரவரி 21

நான் புதிதாக இன்னொரு மனு எழுத உட்கார்ந்தேன். ருக்குமணி தாளைப் பிடுங்கினாள்.

“சீட்டுக்குச் சட்டம் இருக்குதுன்னு அந்த வக்கீலம்மா சொல்லுச்சா, இல்லியா?”

“சொன்னாங்க.”

“அப்ப எதுக்குங்க நாம இன்னும் அட்டையவே அனுப்பீட்டு இருக்கறோம்?”

ஒரு வருஷமாக இல்லாத சட்டத்துக்காக அலைந்தவன் நான். இருக்கிற சட்டத்துக்குள் நுழைய வழி பார்த்தவள் அவள். வியாபாரம் எனக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6

ருக்குமணி காலை பஸ்ஸில் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றுகொள்கிறாள். மாத்திரை அட்டை நீட்டுகிறவனை விடுவதில்லை. “சீட்டு எங்க? டாக்டர் சீட்டு இல்லாமக் குடுக்காதீங்க.” நாலு பேர் திட்டினார்கள். வலிப்புக்காரி ஊரைத் திருத்த வந்துவிட்டாளாம். “ஆமா, வலிப்புக்காரிதான். வெந்த கை இதா, பாரு” என்று நீட்டியிருக்கிறாள்.

குழந்தைசாமிக்கும் கோபம். “ஏனுங்கக்கா, நான் கண்டக்டரா, கம்பவுண்டரா? சீட்டுத் தொலைஞ்சா யாரு பதில் சொல்றது?”

“தொலைச்சுப் பாரு, அப்பத் தெரியும்” என்றாளாம். பிளாஸ்டிக் உறையில் போட்டுத்தான் கொடுக்கிறாள். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறார்.

ஏப்ரல் 11

எதிர்பார்த்ததுதான். பச்சை அட்டைக் கம்பெனி பெயரே எழுதியிருந்த ருக்குமணி சீட்டுக்கு, மருந்துக்கடைக்காரன் வெள்ளை அட்டை கொடுத்து அனுப்பியிருக்கிறான்! அவள் பிரிக்காமல் அப்படியே வைத்தாள். சீட்டையும் பில்லையும் அட்டையையும் ஹேமலதாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். கடைக்கு நோட்டீஸ் போகிறது. மருந்து ஆய்வாளருக்கும் நகல்.

மே 30

ஆய்வாளர் மருந்துக்கடைக்கு வந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார். கடைக்காரர் ஆள் விட்டார், சமாதானம் பேசலாமா என்று. பேச என்ன இருக்கிறது? சாமியப்பனோடு போய்ப் பேசு என்று சொல்லி அனுப்பினேன்.

2001 பிப்ரவரி 14

மனுவுக்குப் பதில் வந்தது. ‘தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.’ கிட்டத்தட்ட இரண்டு வருஷம் யோசித்து இந்த ஒரு வரி. இதில் என் பெயரைக்கூட அர்த்தநாதன் என்று போட்டிருக்கிறார்கள். கிழிக்கப் போனேன். ஹேமலதாவுக்கு வேண்டியிருக்கும் என்று ருக்குமணி வாங்கி வைத்தாள்.

ஆகஸ்ட் 7

என் கடைக்குப் போன் வந்தது. எடுத்தேன். சேந்தமங்கலம் மருந்துக்கடைக்காரர். குரலைக் கேட்டதுமே வாயில் நாலு வார்த்தை வந்து நின்றது. அதற்குள் அவர், “உங்ககிட்ட இல்லீங்க. அம்மாவக் கூப்பிடுங்க” என்றார்.

ருக்குமணி தராசிலிருந்த மூட்டையை இறக்கிவிட்டு வந்தாள். அந்தப் பக்கம் என்ன பேசினார் என்று கேட்கவில்லை. இவள் சொன்னதுதான் கேட்டது.

“எந்தக் கம்பெனி?... வேண்டாங்க. பழசு எப்ப வரும்?... அதுவரைக்கும் எங்கிட்ட இருக்குது. மத்தவங்களைக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன். அதுக்குள்ள எதையும் பஸ்ஸில ஏத்தீராதீங்க.”

போனை வைத்தாள்.

“என்னவாம்?” என்றேன்.

“மாத்தலாமான்னு கேக்கறாங்க” என்றாள். மூட்டையைத் திரும்பத் தராசில் ஏற்றச் சொன்னாள்.