அத்தான் வாங்கிய பழைய வேகன்

அன்புள்ள அத்தானுக்கு,

வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டின் வாசனை ஒரு ஆளை இப்படிப் பிடித்து இழுக்கும் என்று நான் நினைக்கவில்லை. நேற்று தஞ்சாவூர் பைபாஸில், பழைய கார் விற்கிற ஒரு இடத்துக்குப் போயிருந்தேன். என் மகளும் மாப்பிள்ளையும் துபாயிலிருந்து ஊர் திரும்புகிறார்கள். பின்பக்கம் நீளமாக, நாலு மூட்டை போடுகிற மாதிரி வண்டி வேண்டுமாம். கையில் பெரிய தொகையும் கிடையாதாம். "அப்பா, நீங்களே பார்த்து ஒண்ணை முடிச்சு வைங்க" என்று போனில் சொல்லிவிட்டாள். செருப்பு வாங்கினாலே கால் கடிக்கிற செருப்பாகப் பார்த்து வாங்குகிறவன் நான். என்னை நம்பி இந்தப் பொறுப்பு.

மூலையில் அந்த மாதிரி நீண்ட பின்பக்கத்தோடு ஒரு பழைய வேகன் கார் நின்றது. கதவைத் திறந்ததும் சூடான ரெக்சினும் பெட்ரோலும் கலந்த வாசனை வந்தது. அப்புறம் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. விற்கிறவர் வந்து, "என்ன சார், பின்னாடி நின்னு தள்ளிக்கிட்டு இருக்கீங்க? சாவி தர்றேன், ஓட்டிப் பாருங்க" என்றபோதுதான், இரண்டு உள்ளங்கையையும் பின்கதவில் ஊன்றிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அது உங்கள் வேலை, அத்தான். நான் எப்போது கற்றுக்கொண்டேன்?

நீங்கள் குத்தகை நிலத்தை விட்ட வருஷம் ஊர் எப்படி இருந்தது என்று இப்போது சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. புது ஆட்சி வந்திருந்தது. குத்தகைக்காரன் தன் பெயரைத் தாலுகா ஆபீசில் பதியலாம் என்று சொன்னார்கள். பதிந்தவர்களை மிராசுதார்கள் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். களத்தில் ஒரு பக்கம் செங்கொடி, ஒரு பக்கம் போலீஸ் வேன், நடுவில் அறுத்துப் போட்ட கதிர் நனைந்துகொண்டு கிடந்தது. வாய்தாவுக்கு வாய்தா அலைந்து நீங்கள் பாதியாகப் போனீர்கள். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் பேசி, நிலத்தை நீங்கள் விட்டுவிடுவது, மிராசுதார் ஒரு தொகை கொடுப்பது என்று முடித்தார்கள். அக்கா அன்று முழுக்க அடுப்பு மூட்டவில்லை. மூன்று பெண்பிள்ளைகள். அந்தப் பணம் வீணாகப் போனால் அடுத்த போகம் என்று ஒன்று இனி உங்களுக்குக் கிடையாது.

"வேகன் ஒண்ணு வாங்கி வாடகைக்கு ஓட்டப்போறேன் மாப்ள" என்றீர்கள். யோசனை நல்ல யோசனைதான். கல்யாண வீடுகளுக்குச் சமையல்காரர்களை முன்னால் உட்காரவைத்து அண்டாவைப் பின்னால் ஏற்றலாம். நோயாளியைப் படுக்கவைத்தே தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். டிராக்டர் ஓட்டிப் பழகிய கை உங்களுக்கு. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நீ கூடவே போ. இவங்க எதையாவது பார்த்து மயங்கிடுவாங்க. நின்னு போற வண்டியா வாங்கிட்டு வந்துட்டா நாங்க அஞ்சு பேரும் நடுத்தெருதான்" என்றாள். நான் பூதலூரில் வாத்தியார். படித்தவன் கூட இருந்தால் ஏமாற்ற மாட்டார்கள் என்பது அவள் நம்பிக்கை.

தஞ்சாவூரில் ஒரு டாக்டர் தன் வேகனை விற்பதாகக் கேள்விப்பட்டு, எனக்குத் தெரிந்த மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போனோம். மெக்கானிக் வண்டியை, மனிதன் உடம்பைப் பார்ப்பதுபோல் பொறுமையாகப் பார்த்தார். அடியில் படுத்துத் தரைத்தகட்டை ஸ்பேனரால் தட்டினார், துரு இல்லை. எண்ணெயைத் தொட்டு விரலில் தேய்த்தார். இன்ஜினை ஓடவிட்டுப் புகையின் நிறத்தைப் பார்த்தார். "கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார். விலையும் நம் கைக்கு எட்டியது. நீங்களோ வண்டியின் முன்பக்கத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. பின்னால் போய் இரண்டு கையையும் ஊன்றி ஒரு தள்ளு தள்ளினீர்கள். பிறகு கையைத் தட்டிக்கொண்டு வந்து, "இது எங்க நிக்கும்னு தெரியலியே" என்றீர்கள்.

மெக்கானிக்குக்குக் கோபம் வந்துவிட்டது. "நிக்காதுங்குறேன். அப்புறம் எங்க நிக்கும்னா நான் என்னத்தைச் சொல்றது?"

"நிக்காத வண்டி உண்டாங்க?" என்று நீங்கள் அவரையே திருப்பிக் கேட்டீர்கள்.

மறுநாள் நீங்கள் போய் நின்ற இடம் மிராசுதார் வீட்டுக் கொட்டகை. புதுக் கார் வந்தபின் அவருடைய பழைய வேகன் அங்கேதான் கிடந்தது. சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எந்த மனிதரோடு கோர்ட்டில் மல்லுக்கு நின்றீர்களோ, அவர் கொடுத்த பணத்தை அவரிடமே கொடுத்து, அவர் கழித்துப் போட்ட வண்டியை வாங்குவதா? கேட்டேன். நீங்கள் கோழியைத் தூக்கிக் கீழே விட்டுவிட்டு, நிதானமாகச் சொல்லத் தொடங்கினீர்கள். வெண்ணாற்றுப் பாலம் ஏறும்போது பாதியில் இரைக்கும். ஐப்பசி மழையில் இன்ஜினில் இருக்கிற கரண்ட் மூடியைக் கழற்றி ஈரத்தைத் துடைத்தால்தான் கிளம்பும். சேற்றில் இடது பின்சக்கரம்தான் முதலில் இறங்கும். எல்லாம் அத்துப்படி. வாய்க்கால் ரோட்டில் அந்த வண்டி நின்றபோதெல்லாம் மிராசுதார் வீட்டார் ஹாரன் அடிப்பார்கள். வயலில் யார் நின்றாலும் போட்டது போட்டபடி கரையேறி வந்து தள்ள வேண்டும். நம் பக்கத்தில் அப்போது அது வழக்கம். அதற்குக் கூலியும் கிடையாது, யாரும் ஏன் என்று கேட்டதும் இல்லை. நீங்கள் மீசை முளைத்த நாளிலிருந்து தள்ளியவர்.

"இதோட நோவு பூரா எனக்குத் தெரியும் மாப்ள. டாக்டர் வண்டிக்கு ஒண்ணுன்னா நான் யாரைப் போய்க் கேக்குறது?"

"நோவுன்னு தெரிஞ்சே வாங்குறீங்களா அத்தான்? இல்ல, முன்சீட்டுல உக்காரணும்னு ஆசையா?"

சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கு இன்றுவரை எனக்கு அர்த்தம் விளங்கவில்லை.

வாங்கினீர்கள். அக்கா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. வண்டி நீங்கள் சொன்ன இடத்திலெல்லாம் சொன்னபடியே நின்றது. ஆனால் நிற்பதற்கு முன்பே நீங்கள் தயாராக இருந்தீர்கள். சரிவு பார்த்து நிறுத்துவீர்கள், மழை நாளில் மடியில் துணி வைத்திருப்பீர்கள். சவாரியும் வந்தது, வீட்டில் உலையும் கொதித்தது. டாக்டரின் வேகனைத் திருத்துறைப்பூண்டிக்காரர் ஒருவர் வாங்கி வாடகைக்கு விட்டார். பளபளவென்று என்னைத் தாண்டிப் போகும். அது எங்கேயும் நின்று நான் பார்த்ததில்லை. ஆக, யார் சொன்னது சரி? மெக்கானிக்கா, நீங்களா? கேட்கலாம் என்று வாயெடுப்பேன், உங்கள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிடுவேன்.

அப்புறம் அந்த ஐப்பசி. மிராசுதாரின் புதுக் காரை மகன் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார். பகல் ரயிலைப் பிடிக்க நீடாமங்கலம் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று அவரே உங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் வாடகைக்குக் கேட்டு வந்த முதல் நாள் அது. அக்காவும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம், கடைத்தெருவில் வேலை இருந்தது. மதகு தாண்டியதும் இடது பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் நடவு. பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நீங்கள் ஹாரன் அடிக்கவில்லை. யாரும் கரையேறி வரவும் இல்லை.

மிராசுதார் தானே கதவைத் திறந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் வந்தார். அக்கா என் கையைக் கிள்ளினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. வழக்குக்கு அலைந்த அத்தனை நாளுக்கும் அவளுக்கு அது ஒன்று போதும். நீங்களோ முன்சீட்டிலிருந்து இறங்கி வந்து, "நீங்க போய் ஸ்டியரிங் புடிங்கய்யா. நான் தள்ளுறேன்" என்றீர்கள். அவர் போய் உட்கார்ந்தார். நீங்கள் தள்ளினீர்கள், கூட நானும். சேறு உங்கள் நெஞ்சுவரை அடித்தது.

அக்கா பொறுக்கமாட்டாமல் கேட்டாள், "ஏங்க, காசு குடுத்து வாங்கியும் பின்னாலதான் நிக்கணும்னு தலையெழுத்தா?"

"அவருக்குத் தள்ளத் தெரியாதுடி. வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்றீர்கள். எனக்கு ஆத்திரம் வந்தது, அத்தான். இன்றும் எழுதும்போது வருகிறது.

ஸ்டேஷனில் அவர் பையை எடுத்துக்கொண்டு வாடகையைக் கொடுத்துவிட்டு நடந்தார். நீங்கள் காய்ந்த சேற்றோடு அவர் பின்னாலேயே போய், "ஐயா, தள்ளுனதுக்கும் சேர்த்துக் குடுங்க" என்று கையை நீட்டினீர்கள்.

அவர் திரும்பினார். வழியனுப்ப வந்தவர்கள், போர்ட்டர்கள் எல்லோரும் பார்த்தார்கள். "தள்ளுனதுக்கா?" என்றார், கோபமில்லாமல், நிஜமாகவே புரியாமல்.

"ஆமாங்க. இன்னிக்குத் தள்ளுனதுக்கு மட்டும் குடுங்க, போதும்."

புரிந்ததும் அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். எடுத்துக் கொடுத்தார். வாங்கி மடியில் சொருகிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டீர்கள். திரும்பும் வழியெல்லாம் அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். நீங்கள் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினீர்கள்.

இந்த நாளுக்காகத்தான் அந்த வண்டியை வாங்கினீர்களா, இல்லை, வண்டியை வாங்கியதால் இந்த நாள் தானாக வந்ததா? அது கோபமா, பெருந்தன்மையா, வெறும் வாடகை வண்டிக்காரரின் பேச்சா? நீங்கள் இருந்தவரை கேட்க பயந்தேன். அந்த வண்டி ஓடித்தான் மூன்று பெண்களுக்கும் கல்யாணம் நடந்தது. அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இன்றைக்குத் தள்ளியதற்கு மட்டும் என்றீர்கள். அத்தனை வருஷம் தள்ளிய மீதியை நீங்கள் கேட்கவே இல்லை, அத்தான். அவரும் போய்விட்டார், நீங்களும் போய்விட்டீர்கள். அந்த மீதி என்னிடம்தான் இருக்கிறது. அதை யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

உங்கள்
மாப்ள