எழுபத்திரண்டு கிலோ

மதுரை
9 மார்ச் 2025, ஞாயிற்றுக்கிழமை
மாலை மணி 7.10

மடல் எண் 2: எடைக் குறிப்பேட்டின் நான்காம் நிரலைத் திருத்துவது பற்றி

அன்பிற்குரிய பாய்,

இன்று எட்டாம் நோன்பு. மாலை ஐந்து ஐம்பதுக்கு உங்கள் வீட்டுத் தூக்குவாளி என் மேசைக்கு வந்து சேர்ந்தது. மூடியைத் திறக்கும் முன்பே வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் கலந்த மணம் கூடம் முழுவதும் பரவிவிட்டது. அந்த மணத்துக்கு இவ்வீட்டில் ஒரு நேரம் உண்டு. ஞாயிறு காலை ஏழு மணி. மாலையில் வந்ததால் ஒரு கணம் தடுமாறிப்போய், கட்டிலடியிலிருந்த எடை இயந்திரத்தை இழுத்துச் சுவரோரம் வைத்துவிட்டேன். பிறகுதான், முதலில் ஏறுவதற்கு நீங்கள் இல்லை என்பது உறைத்தது.

குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நாள்களில் பிழை இராது.

5 ஜனவரி 2024, வெள்ளி. என் குடலிறக்கத்தைப் பார்த்த மருத்துவர், எடை நாற்பத்து நான்கு கிலோ என்று குறித்துக்கொண்டு, ஐம்பது கிலோவாவது வந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்றார். அதற்குள் குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து என்பதையும் மறைக்கவில்லை. துணைக்கு வந்திருந்த நீங்கள், "இங்கிட்டுத் தள்ளுங்கண்ணே, நானும் ஒருக்கா ஏறிப் பாக்குறேன்" என்று ஏறினீர்கள். எழுபத்திரண்டு. பத்து வருடமாக அதே எழுபத்திரண்டுதான் என்றும், கல்யாணச் சட்டை இன்னும் சேருகிறது என்றும் நர்சம்மாவிடம் பெருமை பேசினீர்கள்.

அடுத்த பதினைந்து நாள்கள் என் வயிற்றின் மேல் ஆளாளுக்குப் படையெடுத்தார்கள். உசிலம்பட்டியிலிருந்து என் மருமகன் ஆட்டுக்கால் கொண்டுவந்தான். மகள் தொலைபேசியில் பாலும் பாதாமும் நெய்யும் என்றாள். நான் எல்லாவற்றையும் நேரப்படி உண்டேன். வயிறு மத்தளமாக உப்பியது. பிறகு கழன்று ஓடியது. எடை நாற்பத்து மூன்றாயிற்று. ஒரு கிலோவைத் தின்றே தொலைத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

21 ஜனவரி, ஞாயிறு காலை, உங்கள் கைலிக் கடை திறக்கும் முன் இதே தூக்குவாளியுடன் வந்தீர்கள். குருணையும் பாசிப்பருப்பும் குழைய வெந்த கஞ்சி; உங்கள் வீட்டில் எனக்காகக் காரம் குறைத்து, தேங்காய்ப்பாலை நீர்க்கவிட்டிருந்தார்கள். வாளி நிறைய இருந்ததைக் கண்டு நான் பெரிய கிண்ணத்தை எடுத்தேன். நீங்கள் அதை வாங்கி வைத்துவிட்டுத் தேநீர்க் குவளையில் பாதி ஊற்றினீர்கள்.

"வயிறு புதுச் செருப்பு மாதிரிண்ணே. மொத நாள் தெருமுக்கு வரைக்குந்தான் போட்டு நடக்கணும். கடிக்கலேன்னா மறுநாள் ரெண்டு எட்டுக் கூடப் போகலாம்."

அப்படியே செய்தோம். இரண்டரை மணிக்கொரு முறை அரைக் குவளை. பின்பு தெருவில் நூறு அடி நடை. மூன்றாம் வாரம் இட்லியும் கனிந்த நாட்டுப்பழம் ஒன்றும். பாலை விடுத்து, கடைந்த மோர். ஆறாம் வாரம் கஞ்சியில் ஒரு தேக்கரண்டி நெய். வயிறு முணுமுணுத்தால் மறுநாள் ஒரு படி இறங்கினோம். நீங்கள் மருத்துவம் படித்தவரில்லை. ஆனாலும் என் வயிற்றிடம் அபிப்பிராயம் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

இனி நான்காம் நிரல். பசுமலைக் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்தோராண்டுகள் கருவிகளோடு இருந்தவன் நான். மகள் வாங்கித் தந்த சுருள்வில் இயந்திரத்தை எப்படி நம்புவேன்? எடை மாறாத பொருள் ஒன்றை முதலில் ஏற்றிச் சரிபார்த்துக்கொண்டே என் எடையை எழுதுவது என்று முடிவுசெய்தேன். அந்தப் பொருள் நீங்கள். ஞாயிறுதோறும் ஏறுவீர்கள், முள் எழுபத்திரண்டில் நிற்கும், நான் திருப்தியோடு ஏறுவேன். "என்னைய தராசுப் படிக்கல்லா ஆக்கிட்டாரு" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள்.

12 மே. எழுபத்தொன்று காட்டியது. வில் தளர்ந்துவிட்டது, ஒரு கிலோ குறைத்துக் காட்டுகிறது என்று கண்டேன். என் எடை நாற்பத்தாறு என்றிருந்ததை, நான்காம் நிரலில் 'திருத்தம்: கூட்டுக ஒன்று' என எழுதி, நாற்பத்தேழாக்கினேன். 2 ஜூன், எழுபது, திருத்தம் இரண்டு. 7 ஜூலை, அறுபத்தொன்பது, திருத்தம் மூன்று. அன்று இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடப் போகிறேன் என்று நான் எரிச்சலுற்றபோது, உங்கள் பச்சை பெல்ட்டை இறுக்கிக்கொண்டே சொன்னீர்கள்:

"பாவம்ணே, அதுவும் நம்மள மாதிரி வயசான மிசினு. அது கொறைக்கிறத நீங்க கூட்டிக்கங்க. ஒங்களுக்கு ஐம்பது வந்துருச்சுல்ல, அம்புட்டுத்தான்."

பெல்ட்டில் ஆணியால் குத்திய புதுத் துளை ஒன்று இருந்தது. அதைப் பார்த்தேன், பாய். பார்த்தும் எழுதிக்கொள்ளவில்லை.

12 ஜூலை, வெள்ளி, மருத்துவரின் எடைமேடை நாற்பத்தேழு காட்டியது. உங்கள் கருவியும் பழுதாகிவிட்டது என்று அந்த நர்சம்மாவிடம் வாதிட்டேன். அவர் பொறுமையாக, "ஐயா, இத நேத்துத்தான் சரிபாத்துக் கொடுத்துட்டுப் போனாங்க" என்றார். சரிபார்ப்பதற்கு, துணைக்கு வந்து வெளியே உட்கார்ந்திருந்த உங்களை அழைக்க வந்தேன். கடையில் ஆளில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள் எனத் தெரிந்தது.

வீடு திரும்பி, தையல் பிரிக்காத இருபத்தாறு கிலோ அரிசி மூட்டையை, குடலிறக்கத்தோடு தூக்கக் கூடாதென்பதால், பால்காரரை ஏற்றிவைக்கச் சொன்னேன். முள் இருபத்தாறில் நின்றது. இறக்கி மறுபடி ஏற்றச் சொன்னேன். இருபத்தாறு. இயந்திரத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை.

அன்று பிற்பகல் மூன்றரைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டீர்கள். ஈரலில் கட்டி என்று நோன்புப் பெருநாள் முடிந்த வாரமே சொல்லிவிட்டார்களாம். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டபோது என் குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. நீங்கள் உயர்த்தவில்லை.

"நான் எறங்குறேன்னு தெரிஞ்சா, நீங்க அந்தக் கஞ்சியக் குடிச்சிருப்பீகளா?"

குடித்திருக்க மாட்டேன். ஆனால், கேட்டிருக்கலாமே என்பது உங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியதா, என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டியதா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. ஒரு மனிதர் என் கண்ணெதிரே வாரந்தோறும் கரைந்துகொண்டிருந்தார். நான் அதைக் கருவிப் பிழை என்று என் பக்கத்து வரவில் எழுதிக்கொண்டேன்.

அதன் பிறகு வாளியின் திசை மாறியது. குருணை அளவை உங்கள் வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு, நானே காய்ச்சிக் காலையில் எடுத்து வந்தேன். முதல் நாள் அடிப்பிடித்தது. "ஆய்வகத்துல இப்படித்தான் எதையாச்சும் கொளுத்துவீகளோ" என்று கேட்டுவிட்டு, இரண்டு வாய் குடித்தீர்கள். உங்களுக்கு இரண்டு, எனக்கு அரைக் குவளை. நான் குடித்து முடிக்கும்வரை கண்ணை எடுக்க மாட்டீர்கள்.

29 செப்டம்பர், ஞாயிறு, காலை ஏழு. இயந்திரத்தை ஆட்டோவில் வைத்து உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தேன். என்னை மட்டும் ஏற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நீங்கள் ஒப்பவில்லை.

"மொதல்ல நான் ஏறணும்ல? மொறைய மாத்தாதீக."

உங்கள் மகன் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டுக் கையை எடுத்தான். முள் ஐம்பத்தெட்டில் நின்றது. நீங்கள் குனிந்து பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தீர்கள்.

"தராசு சரியா இருக்காண்ணே?"

"சரியா இருக்கு, பாய்" என்றேன்.

"அப்ப நீங்க ஏறுங்க."

ஐம்பது. ஒரு கோடு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீங்கள் என் குறிப்பேட்டை வாங்கி, நான்காம் நிரல் வெறுமையாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு திருப்பித் தந்தீர்கள்.

21 அக்டோபர், திங்கள், நீங்கள் போனீர்கள். 6 டிசம்பர், வெள்ளி, எனக்கு அறுவை நடந்தது, நலமாக முடிந்தது. இன்று காலை என் எடை ஐம்பத்தொன்றரை. இதில் எவ்வளவு உங்களுடையது என்று கணக்கிட எனக்குத் தெரியும், கணக்கிடப் போவதில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இன்று வாளியை உங்கள் வீட்டம்மாவே கொண்டுவந்தார்கள். கணவரை இழந்தவர் வீட்டோடு இருக்கும் நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து இந்தப் பக்கம் வருவது இதுவே முதல் முறை. வாளியை நீட்டிய கையில் கடிகாரப் பட்டை முழங்கை நோக்கி வழிந்து இறங்கியது. நான் கேட்டுவிட்டேன், பாய். "சரியாச் சாப்பிடுறீங்களாம்மா?" என்றேன். "நோம்பு தொறந்தா ரெண்டு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்குதுண்ணே. வயித்தக் கல்லாட்டம் அடைக்குது" என்றார்கள். நாளை காலை பத்து மணிக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். உங்கள் மகன் அழைத்துவருகிறான், நானும் போகிறேன். இந்த முறை எந்த இயந்திரத்தின் மீதும் பழி போடவில்லை.

இங்ஙனம்,
அடுத்த தெரு அண்ணன்

இணைப்பு:

1. எடைக் குறிப்பேடு, மே முதல் ஜூலை வரையிலான பக்கங்கள், அசல். நான்காம் நிரலில் 'திருத்தம்' என்ற தலைப்பை அடித்து, உங்கள் பெயரை எழுதியுள்ளேன்.

2. 29 செப்டம்பர் 2024 நாளிட்ட பக்கம், நகல். அசல் என்னிடமே இருக்கும்.

3. தூக்குவாளி ஒன்று, கழுவித் துடைத்தது. வெறும் வாளியைத் திருப்பக் கூடாதென்பதால், வறுத்துத் திரித்த குருணையும் பாசிப்பருப்பும் உள்ளே உள்ளன. உங்கள் வீட்டம்மாவுக்கு. நோன்பு திறந்த பின், முதல் நாள் அரைக் குவளை, தெருமுக்கு வரைக்கும்.