தரை ஆடினால் சொல்ல வேண்டிய வார்த்தை

இன்று காலை கதவோரம் ஆணியில் தொங்கிய சாவிக்கொத்து தானாக ஆடத் தொடங்கியது. காற்று இல்லை, மின்விசிறியும் ஓடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். அந்தமானின் கராச்சர்மாவில் எங்கள் தெருவே வெளியில் நின்றது. பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மா "பூகம்ப், பூகம்ப்" என்று முணுமுணுத்தபடி பேரனை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. எனக்குள் மட்டும் அடங்கவில்லை. என் மகள் இப்போது இங்கே வடக்கே இருக்கும் லாங் ஐலண்ட் தீவில் நர்ஸ். நீ போன பிறகு கிடைத்த வேலை, உனக்குத் தெரியாது. அவள் குவார்ட்டர்ஸ் படகு ஜெட்டியை ஒட்டி, கடல் மட்டத்தில். போன் போட்டேன். நெட்வொர்க் இல்லை. பள்ளிக்குக் கிளம்பும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்போதிலிருந்து உன் நினைவுதான்.

நீ புவியியல், நான் தமிழ். ஒரே பள்ளியில் ஒரே வாரத்தில் ஆசிரியைகளாகச் சேர்ந்தோம். ஸ்டாஃப் ரூமில் டீக்குப் பால் காய்ச்சும்போது மேலே படியும் ஆடையை ஸ்பூனால் ஓரத்துக்குத் தள்ளுவாய். அது சுருங்கி, மடிந்து, ஒன்றின் கீழ் ஒன்று நுழையும். "நம்ம கதை இதுதான்டீ" என்பாய். பூமியின் மேலோடும், அதற்கடியில் கவசம் என்கிற பாறை அடுக்கின் மேற்பகுதியும் ஒட்டிக்கொண்டு ஒரே தட்டாக நகர்கின்றன. கண்டங்களின் மேலோடு தடிமன், ஆனால் லேசு. கடலடியில் இருப்பது மெல்லிசு, ஆனால் கனம். அதனால்தான் கடல்தட்டு நமக்குக் கீழே புகுந்து போகிறது. அப்படிப் போகும் தட்டின் முதுகிலிருந்து சுரண்டப்பட்ட சேறும் பாறையும் குவிந்து எழுந்த மேடுதான் நாம் நிற்கும் அந்தமான். இதைக் கேட்டபிறகு சில நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. "பயப்படாத, நகம் வளர்ற வேகத்துலதான் போகுது" என்று சிரித்தாய். நானும் நிம்மதியானேன். நகர முடியாமல் தட்டுகள் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

சுனாமி வந்த அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை அது தெரிந்தது.

உன் அம்மா கச்சால் தீவில், ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பில் இருந்தார். இலங்கை மலைநாட்டிலிருந்து வந்தவருக்குக் கடைசிவரை கடல் பழகவேயில்லை. நிவாரணக் கப்பல் வரும்போதெல்லாம் நாம் துறைமுகத்துக்குப் போனோம். இறங்குகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நின்றாய். ஒரு நாள் உன் தம்பி செருப்பில்லாத காலோடு இறங்கி வந்தான். "அக்கா, அம்மா வரல" என்றான். ஆட்டம் வந்தபோது அம்மா தோட்டத்து மேட்டில் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறார். நின்றுவிட்டதே என்று, கரையோரம் இருந்த சிநேகிதியைப் பார்க்க இறங்கிப் போயிருக்கிறார்.

நீ அழவில்லை. திரும்பும் பஸ் பத்துபஸ்தி நிறுத்தத்தைத் தாண்டும்போது மெதுவாகச் சொன்னாய்: "எத்தன பிள்ளைங்களுக்கு இதப் பாடமா நடத்தியிருக்கேன். எங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடீ, தரை ஆடினா மேட்ட விட்டு எறங்காதன்னு."

அன்றைக்கு இந்தத் தீவுகளில் பெரும்பாலானவர்களுக்கு அது தோன்றியிருக்காது என்று நான் சொல்லியிருக்கலாம். அது உனக்கு என்ன ஆறுதல்?

பிறகு அந்தப் பாடத்தை நடத்த மாட்டேன் என்றுவிட்டாய். பள்ளி திறந்து வெகுநாள் ஆகியும் அந்தப் பக்கங்களைப் புரட்டிக் கடந்து போனாய். ஒரு நாள் வகுப்பு நடக்கும்போதே மறுபடி ஆடியது. மற்ற நாங்கள் எல்லோரும் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தினோம். நீ மட்டும் யாரையும் கேட்காமல் உன் வகுப்பைப் பின்பக்கக் குன்றின்மேல் நடத்திக்கொண்டு போனாய். கடலிலிருந்து ஒன்றும் வரவில்லை. எல்லோர் முன்னாலும் ஹெட்மாஸ்டர் கடிந்துகொண்டார். "ஒண்ணும் வரலன்னா நல்லதுதானே சார்" என்றாய், குரலை உயர்த்தாமல். மறுநாள் கரும்பலகையில் மேலோட்டையும் கவசத்தையும் வரைந்தாய். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோடு வளைந்துதான் போயிற்று; நீ அழிக்கவில்லை.

நோய் உன்னைச் சென்னைக்குக் கொண்டுபோனது. கடைசியாகப் பேசியபோது, "இங்க தரை ஆடவே மாட்டேங்குது, அது ஒரு மாதிரியா இருக்குடீ" என்றாய். நான் சிரித்தேன். அடுத்த வாரம் உன் தம்பிதான் பேசினான்.

மாலையில் பஸ்ஸுக்காக நிற்கும்போது ஒருவழியாக மகளிடமிருந்து அழைப்பு வந்தது. டவர் போயிருந்ததாம். லேசாகத்தான் ஆடியதாம். நைட் டியூட்டி முடிந்து தூங்கியிருக்கிறாள், பாதி தெரியவில்லையாம். அங்கிருந்த சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் பெரிசா ஆடினா எங்க போவ?" என்றேன்.

"அம்மா, டெய்லி இதேதானா?"

"சொல்லு."

பெருமூச்சு விட்டாள். "பின்னாடி இருக்கற மேட்டுக்கு. ஜெட்டிப் பக்கம் போகமாட்டேன். ஆட்டம் நின்னாலும் எறங்க மாட்டேன். போதுமா?"

போதவில்லை. உன் அம்மாவுக்குப் போய்ச் சேராத அந்த வார்த்தையை நாளைக்கும் இவளிடம் கேட்டு வாங்குவேன். எரிச்சல்படுகிறாள். படட்டும்.