பப்பாளியா, பரங்கியா?

அக்கா,

இன்று காலை பப்பாளியை அரிந்தேன். அந்த வாசனையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள்: ஏலாக்குறிச்சி வீட்டுக் கொல்லையில், துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். என் மகள் ரீத்தாவுக்கு நாலு வயது. கோவிலில் சாயங்கால மணி அடித்ததும் சுவரைத் தடவ ஆரம்பித்துவிடுவாள். விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ஒரு நாள், எதிரே நின்ற என்னிடமே, "அம்மா எங்க?" என்று கேட்டாள். மறுநாளே வண்டி கட்டி அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"மாலைக்கண்ணும்மா. கீரை, பப்பாளி, பரங்கி நெறையக் குடுங்க. விட்டா பார்வையே போயிடும்" என்றார் டாக்டர்.

ரீத்தாவோ கம்பங்கூழைத் தவிர எதையும் தொடமாட்டாள். மூக்கைப் பிடித்துக் கீரையைத் திணித்தேன். அத்தனையும் கக்கினாள். வீட்டின் மூத்த மருமகளான நீங்கள் என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டீர்கள்.

"திணிச்சா வயித்துல தங்குமாடி? நீ போ, நான் பாத்துக்கறேன்."

அப்புறம்தான் அந்தக் கண்கட்டு. ரீத்தா உங்கள் வாயில் ஒரு துண்டு வைப்பாள்; என்னவென்று நீங்கள் சொல்ல வேண்டும். பப்பாளியைப் பரங்கி என்பீர்கள். முருங்கைக்கீரையைப் புளியந்தழை என்பீர்கள்.

"அய்யோ பெரியம்மா, தப்பு! இது பப்பாளி!"

"நீ தின்னு பாத்தியா? தின்னாம எப்புடிச் சொல்ற?"

நிரூபிப்பதற்காகத் தின்றாள். பிறகு அவளுக்கே ஆசை வந்துவிட்டது. கொல்லையில் காய்த்ததையெல்லாம் கொண்டுவந்து, "இது எப்புடி இருக்கும்?" என்று கடித்துப் பார்த்தாள். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பிள்ளை இப்படி இருக்கும்போது இவரால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று எனக்குள் கோபம்கூட வந்தது.

வாரங்கள் போயின. மணி அடித்தால் அவள் சுவரைத் தடவுவது மட்டும் நிற்கவில்லை.

ஒரு சாயங்காலம், விளக்கேற்றும் முன், ரீத்தா என் சேலையைப் பிடித்துக்கொண்டு கொல்லைவாசலில் நின்றாள். கிணற்றடியில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கே உருவம்தான் தெரிந்தது.

"அம்மா, பெரியம்மா அழுவுது."

"உனக்கு எப்புடிடி தெரியும்?"

"முந்தானையால கண்ணத் தொடைக்குது பாரு."

ஓடிவந்து உங்களைக் கட்டிக்கொண்டேன். "புள்ளைக்குக் கண்ணு தெரியுதுக்கா!" நீங்கள் நம்பவில்லை. "இது எத்தன வெரலு? இது?" என்று கையை மாற்றி மாற்றி நீட்டினீர்கள். அவள் சலித்துப்போய் உள்ளே போன பிறகும் உங்கள் கை நீட்டியபடியே இருந்தது.

என்னைவிட அதிகம் பயந்தது நீங்கள்தான் என்று அன்றுதான் தெரிந்தது. அந்தக் கிணற்றடியில் எத்தனை நாள் தனியாக அழுதீர்கள், அக்கா? நீங்கள் இருந்தவரை கேட்கத் தோன்றவில்லை. இப்போதெல்லாம், குழந்தைகளோடு சிரித்து விளையாடும் யாரைக் கண்டாலும், இவர் எங்கே போய் அழுவாரோ என்று நின்று பார்க்கிறேன்.