பாட்டில் மூடியில் ஊறிய லென்ஸ்

பெரியவனுக்கு,

உன் தங்கையின் இடது கண்ணைக் கெடுத்தவன் நீ. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் கை போனது, எழுதினால் பொய்யாகிவிடும். நீ சுகமா என்று கேட்கவும் இன்றைக்கு மனசு வரவில்லை, ஆனாலும் பெற்றவள், நீ சுகமாக இருக்க வேண்டும், இரு. போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. அப்பாவின் பல்வலியைச் சொன்னால் கேட்கிறது, மாமா வீடு மாற்றியதைச் சொன்னால் கேட்கிறது, சின்னவள் கண் என்றவுடன் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறாய். காகிதத்துக்கு சிக்னல் வேண்டாம் பார், அதனால் எழுதுகிறேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அவனைத் திட்டாதடி, தூரத்துல தனியா கிடக்கான்" என்கிறார். தூரத்தில் இருப்பவன் பாவம், பக்கத்து அறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டிக்கொண்டு கிடப்பவள் யார் என்று கேட்டேன், தான் ஓட்டுகிற வேனைத் துடைக்கப் போய்விட்டார். ஒரு மாதமாக அந்த வேன் பளபளக்கிறது, மற்றபடி இந்த வீட்டில் எதுவும் சரியில்லை.

ஏதோ கண் அலர்ஜியாம் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறாய். அலர்ஜி இல்லை. கருவிழியில் புண். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் எழுந்து போகாமல் படி. உங்கள் கம்பெனியின் இந்த ஊர்க் கடையில் அவளைச் சேர்த்துவிட்டவன் நீதான், அழகுசாதனப் பிரிவு, நல்ல இடம், ஏசியில் நிற்கலாம் என்றாய். ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறவள், அதைக் கழற்றினால் பஸ் நம்பர் தெரியாது, எதிரில் வருவது நானா அடுத்த வீட்டுக்காரியா என்று தெரியாது. முதல் நாள் கண்ணாடியோடு போனாள், ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டி கிழிக்க அனுப்பினார்கள். மறுநாளும் பெட்டிதான். மூன்றாம் நாள் அவளுக்கே விளங்கிவிட்டது, லென்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள், அன்றைக்கே கவுன்டரில் நிற்க வைத்துவிட்டார்கள். தலைக்கு மேல் வரிசையாக விளக்கு, முகத்துக்கு நேரே ஏசிக் காற்று, பத்து மணி நேரம். கண் காய்ந்து மணல் போட்ட மாதிரி உறுத்துமாம். லென்ஸ் கழுவும் மருந்து அவள் பையில் இருக்கிறது, பை இருப்பதோ கீழே வாட்ச்மேன் அலமாரியில், ஏனென்றால் பெண்கள் திருடிவிடுவார்களாம், பையோடு மாடிக்கு வரக் கூடாதாம். அதனால் அந்தக் கவுன்டர் பெண்கள் அவர்களாகவே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இடைவேளையில் வாஷ்ரூமுக்குப் போய், தண்ணீர் பாட்டில் மூடியில் குழாய்த் தண்ணீர் பிடித்து, லென்ஸைக் கழற்றி அதில் ஊற விட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். யாருடையது எது என்று குழம்பக் கூடாதே, ஒவ்வொரு மூடியிலும் நகப்பூச்சால் புள்ளி, ஆளுக்கு ஒரு நிறம், வலதுக்கு ஒன்று இடதுக்கு இரண்டு. உன் தங்கைக்குச் சிவப்பு. இதை அவள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள், நானும் கெட்டிக்காரிகள்தான் என்று சிரித்தேன்.

பிறகு ஒரு கண் மட்டும் சிவந்தது. இரண்டும் இல்லை, இடது மட்டும். தண்ணீர் கொட்டியது, டியூப்லைட்டைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லீவு போடுடி என்றேன். உனக்குப் போன் செய்தாள், நீ என்ன சொன்னாய் என்பது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள லீவா? என் பேரைக் கெடுக்காத. உங்க கவுன்டர் லீடர் அக்காகிட்ட ஒரு சொட்டு மருந்து இருக்கும், எல்லாப் பிராஞ்சுலயும் அதான் விடுறாங்க, அரை மணியில கண்ணு வெள்ளை வெளேர்னு ஆயிடும், போ." ஆகிவிட்டது. வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. நாலு நாள் கவுன்டரில் நின்றாள். வெளியே வெள்ளை, உள்ளே வலி மட்டும் ஏறிக்கொண்டே போனது, கண்ணுக்குள் ஊசியை வைத்துத் திருகுகிற மாதிரி இருக்கிறது என்றாள். வாங்க வந்த ஒரு அம்மாள், "ஏம்மா அழுவுற, யாராவது திட்டினாங்களா?" என்று கேட்டாளாம். அதற்கும் சிரிக்கச் சொல்லித்தானே சம்பளம், சிரித்திருக்கிறாள். ஐந்தாம் நாள் காலையில் முகம் கழுவும்போது நான் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன், கருவிழியின் நடுவில் பாலாடை படிந்த மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. வலது கண்ணை மூடி என்னைப் பார் என்றேன். "நீ எங்கம்மா நிக்கிற?" என்றாள். நான் அவள் மூக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, வாய் நீளம், மனசு நல்லது. ஒரு மஞ்சள் சாயத்தைக் கண்ணில் விட்டு நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தாள், புண் பச்சையாக எரிந்தது, அருகில் நின்ற எனக்கே தெரிந்தது. "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? சிவந்ததெல்லாம் சாதாரணக் கண்வலின்னு நினைச்சுட்டா ஆச்சா? ஒரு கண்ணு மட்டும் சிவக்குது, வலிக்குது, வெளிச்சம் ஆகல, பார்வை மங்குது, இதுல போதாததுக்கு லென்ஸ் போடுற பொண்ணு. அன்னைக்கே லென்ஸைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு ஓடி வந்திருக்க வேண்டாமா?" என்று பிடித்துக்கொண்டாள். அந்தச் சொட்டு மருந்தை வாங்கிப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அதில் ஸ்டீராய்டு இருக்கிறதாம், சிவப்பை அடக்குமே தவிரக் கிருமியை ஒன்றும் செய்யாதாம். "போலீஸைக் கட்டிப் போட்டுட்டுத் திருடனுக்கு வாசலைத் திறந்து விட்டிருக்கீங்க" என்றாள். கண்ணை மரக்க வைத்து, புண்ணின் மேலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், லென்ஸையும் கேட்டார்கள், மூடியையும் கேட்டார்கள், கடைக்கு ஓடி அந்தச் சிவப்புப் புள்ளி மூடிகளை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். முதலில் பாக்டீரியாவுக்கு மருந்து தொடங்கினார்கள். பிறகு முடிவு வந்தது, அமீபாவாம், குழாய்த் தண்ணீரில் சும்மா கிடக்கிற உயிர், லென்ஸில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குள் குடி போய்விடும், அதைக் கிளப்புவது லேசில்லை. அமிலம் மாதிரி எரிகிற இரண்டு மருந்து, மணிக்கு ஒரு தடவை, முதல் நாட்களில் ராத்திரியிலும்கூட. நானும் அப்பாவும் முறை போட்டுக்கொண்டு விட்டோம். விட வரும்போதெல்லாம் என் கையைத் தள்ளிவிடுவாள், பிறகு அவளே இமையை இழுத்துப் பிடித்துக் காட்டுவாள். இப்போது தடவைகள் குறைந்திருக்கின்றன, ஆனால் மாதக்கணக்கில் விட வேண்டும். வலி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முகத்துக்கு முன்னால் விரல் நீட்டினால் எத்தனை என்று சொல்கிறாள். புண் ஆறும், தழும்பு நிற்கும், அது பார்வைக்கு நேரே நடுவில் நிற்கிறது, ஆறின பிறகு கருவிழி மாற்ற வேண்டியிருக்குமா என்று பார்க்கலாம் என்கிறாள் டாக்டரம்மா. பார்க்கலாம் என்ற சொல்லை இந்த வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை.

இதுவரைக்கும் நீ சொட்டு மருந்துக்கு மட்டும்தான் குற்றவாளி என்று நினைத்திருந்தேன், ஏதோ தெரியாமல் சொல்லிவிட்டான் என்று உன் அப்பாவிடம் உனக்காகப் பேசினவளும் நான்தான். போன வாரம் உங்கள் கடைக்குப் போனேன். மேனேஜர், பெண்கள் அவனுக்கு வைத்த பேர் சென்ட் பாட்டில், அவன் என்னை உட்காரச் சொல்லவில்லை, "கண்ணாடி போடக் கூடாதுன்னு எங்க கம்பெனியில ரூலே கிடையாதும்மா, உங்க பொண்ணு அழகுக்காகப் போட்டுக்கிட்டா" என்றான். நேரே வாஷ்ரூமுக்குப் போனேன், குழாய்க்குப் பக்கத்தில் மூடிகள் வரிசையாக இருந்தன, ஊதா, பச்சை, ரோஜா. எல்லாவற்றையும் வாரிக் கவிழ்க்கக் கை போய்விட்டது. ஒருத்தி ஓடி வந்து மறித்தாள், "வேணாம் ஆன்ட்டி, தெரியும் ஆன்ட்டி, அவளைப் பார்த்துட்டும் நாங்க போடுறோம்னா சும்மாவா? கண்ணாடியோட வந்தா ஸ்டோர் ரூம்தான். பெட்டி தூக்கி எனக்கு இடுப்பு போச்சு" என்றாள். அப்படியானால் ரூல் இல்லை என்கிறானே இந்தச் சென்ட் பாட்டில் என்றேன். அங்கே நின்ற பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பச்சைப் புள்ளிக்காரி சொன்னாள், "எழுதி வைக்கல ஆன்ட்டி. டிரெயினிங்ல திரையில வந்து சொன்னது உங்க வீட்டு அண்ணன்தான். அவருதான் எல்லாப் பிராஞ்சுக்கும் கிளாஸ் எடுக்கிறாரு. கவுன்டர்ல நிக்கிற பொண்ணுக்கு முகம்தான் கடை, கடைக்கு யாராவது கிரில் போடுவாங்களான்னு கேட்டாரு." இன்னொருத்தி சிரிப்பை அடக்க முடியாமல், "அதுவும் மூக்குல இறங்குற தன் கண்ணாடியை மேல தள்ளிக்கிட்டே கேட்டாரு" என்றாள். நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். கண்ணாடி போட்டால் புத்திசாலி என்று உனக்குச் சொல்லித்தான் வளர்த்தேன், அவளுக்கும் அதையேதான் சொன்னேன், இவளுக்கு மட்டும் அது எப்போது கிரில் ஆனது என்று தெரியவில்லை.

சின்னவளுக்குத் தெரியுமா என்று கேட்காதே, தெரியும். பெட்டி கிழித்த இரண்டாம் நாள் அவளும்தானே அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாள், அண்ணன் திரையில் வருகிறான் என்று பக்கத்தில் இருந்தவளிடம் பெருமையடித்திருக்கிறாள். ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்றால், "சொன்னா நீ அவனைத் திட்டுவ" என்கிறாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் இந்த ஒரு விஷயத்தில் அவள் உன்னைக் காப்பாற்றினாள், நீ அவளை விற்றுவிட்டாய். இதற்கு மேல் இதில் எழுத வார்த்தை இல்லை, இருக்கிற வார்த்தை கடிதத்தில் எழுதுகிற மாதிரியும் இல்லை.

அப்பாவுக்குப் பல் பிடுங்கியாகிவிட்டது, சாப்பிடுகிறார். நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் தலையை மூடிக்கொண்டு போ, கம்ப்யூட்டர் முன்னால் விடிய விடிய உட்காராதே. உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது, உன் இரண்டு கண்ணும் நூறு வருஷம் நன்றாகத் தெரிய வேண்டும், இதை நான் ஆத்திரத்தில் எழுதவில்லை, மனசாரத்தான் எழுதுகிறேன். பணம் அனுப்பாதே, பழமும் அனுப்பாதே, மன்னிப்பு கேட்டு அவளுக்குப் போன் செய்யாதே, அவள் உடனே மன்னித்துவிடுவாள், அது உனக்கு ரொம்ப மலிவு. அங்கே நீ மேற்பார்வை பார்க்கிற கடை மாடியில் தினமும் காலையில் கடை திறக்கும் முன் பெண்களை வரிசையாக நிற்க வைத்துப் பேசுவாயே, அங்கே நின்று, கண்ணாடி போடுகிறவர்கள் எல்லோரும் கண்ணாடியோடு கவுன்டருக்கு வரலாம் என்று உன் வாயால் சொல். திரையிலும் சொல், எல்லாக் கடைக்கும் கேட்கிற மாதிரி. என்றைக்குச் சொல்லப்போகிறாய் என்று எனக்கு எழுது.

உன்னையும் அவளையும் பெற்றவள்