அடுப்பிலிருந்து நீ இறக்கிய பானை

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இன்றும் ஒரே குழாய்தான், அதே சண்டைதான். ஓரகத்திகள் நாம் இருவரும் போட்ட சண்டைக்கு இது உறை போடக் காணாது, போ.

உன் கொழுந்தனுக்கு வேலை நின்றுபோன அந்த வருஷம் நினைவிருக்கிறதா? அரிசி தீர்ந்து, பிள்ளைகள் இரண்டும் பசியில் சுருண்டு கிடந்தன. ஆற்றோரப் புதரில் ஒரு கொடியைப் பார்த்தேன். ஊரில் நான் பார்க்காத வள்ளிக்கிழங்கா? தோண்டி வந்து வேகவைத்தேன். உன்னிடம் கேட்டால் என் கௌரவம் என்ன ஆவது!

வாசலில் நான் எறிந்த கொடியைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி வந்தாய். பானையை இறக்கிச் சாக்கடையில் கொட்டினாய். பிள்ளைகள் அலறின. நான் உன்னைத் திட்டிய திட்டு ரயில் கேட் வரைக்கும் கேட்டிருக்கும்.

உன் வீட்டுச் சோற்றை அவர்களுக்குப் போட்டுவிட்டு, உன் வேலியில் படர்ந்த வள்ளிக்கொடியை ஒரு முழம் அறுத்து வந்தாய். என் கொடியோடு சேர்த்து என் மடியில் போட்டாய்.

"நம்ம வள்ளிக்குக் காம்புக்கு ஒரு இலைதான். இது மூணு. தண்டுல முள்ளு. மலாய்க்காரங்க காடோங்னு சொல்வாங்க. நாள்கணக்கா ஓடுற தண்ணியில ஊறப்போட்டாத்தான் விஷம் போகும். பேரை அப்புறம் வை, முதல்ல எண்ணிப் பாரு."

அதற்குப் பிறகு நீ போன புதரெல்லாம் ரோஷத்தோடு நானும் வந்தேன். தண்டை விரலில் உருட்டுவாய். நாலு பட்டையாக இருந்து, எதிரெதிரே இலை விட்டு, கசக்கும்போது மணந்தால், துளசிக்குச் சொந்தமாக இருக்கும் என்பாய். கிள்ளிப் பால் வந்தால், பூவும் காயும் பார்க்கும்வரை வாயே திறக்க மாட்டாய். செடிக்கும் சம்பந்தம் பேசுகிறாயா என்று கேலி செய்வேன்.

இப்போது கப்பலில் புதிதாக வந்த பெண்கள் என்னிடம்தான் கீரையும் கொடியும் கொண்டுவருகிறார்கள். நீ சொன்னதைத்தான் சொல்கிறேன், அதட்டல் மட்டும் என்னுடையது.

பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், அக்கா. பெரியவன் என்னைவிட உயரம். சின்னவளுக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை, தையில் கல்யாணம். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் உன்னைக் கும்பிடத் தோன்றுகிறது. நேரில் ஒரு தடவையாவது சொன்னேனா?

நேற்று பங்சார் பக்கமிருந்து ஒருத்தி ஒரு கொடியை நீட்டி, சமைக்கலாமா என்று கேட்டாள். எண்ணினேன், முகர்ந்தேன். பூ இல்லை, காய் இல்லை. சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாக்கு நுனியில் ஏதோ ஒரு பெயர் வந்து நின்றது.

"எனக்குத் தெரியலம்மா. பிள்ளைங்களுக்குக் குடுத்துடாத" என்றேன்.

இந்த நாக்குக்குத் 'தெரியல' என்று சொல்ல வர இத்தனை வருஷம் ஆயிற்று. என் ரோஷத்துக்காக இனி எந்தப் பிள்ளையின் தட்டிலும் எதுவும் விழாது. உன்மேல் சத்தியம்.

உன் கையால் பிழைத்த இருவரின் தாய்,
உன் ஓரகத்தி செல்லம்மா